என்ன செய்யுதுங்க?

சீடருக்கு அறுபது வயது. குருவுக்கு முப்பத்தாறு. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் வெள்ளைத் தாடியையும் மரத்தடியையும் மனசுக்குள் வரைய ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் கதையில் தாடி கிடையாது. மரம் உண்டு, அதன் அடியில் எறும்பு அதிகம் என்பதால் அங்கே யாரும் உட்காருவதில்லை.

குருவின் பெயர் தெய்வானை. காராளி மலை அடிவாரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஏழு பேரை வடக்கே பனிமலைக்கு அழைத்துப்போய், நீல்தாங் என்ற கணவாயைக் கடக்க வைத்து, பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவார். பதினேழாயிரத்து ஐந்நூறு அடி உயரம். ஒன்பது நாள் நடை. நடுவில் ஊர் இல்லை, ரோடு இல்லை, போன் எடுக்காது. ஏழு பேரோடு போய் ஏழு பேரோடு வருகிறவர் என்று தெய்வானைக்கு நல்ல பெயர்.

சீடரின் பெயர் குழந்தைவேலு. சத்தியமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். மைதானத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும் பையன்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒண்ணுமில்லடா, எந்திரி." பையன் எழுந்து ஓடுவான். தனக்கும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டார். காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு மாலையில் கபடிப் போட்டிக்கு விசில் ஊதிய மனிதர். அவர் வீட்டில் தலைவலித் தைலம் வாங்கினால் அது மனைவிக்காகத்தான்.

இருபத்திரண்டு வயதில், கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது, அவரை நீல்தாங் கணவாயின் காலடி வரை கூட்டிப்போயிருந்தார்கள். மறுநாள் ஏறவேண்டும். அன்று மத்தியானம் கீழேயிருந்து ஓர் ஆள் தந்தியைக் கொண்டுவந்தான். அப்பா தவறிவிட்டார். மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கியவர், தங்கை கல்யாணம், தன் கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்த மலையை அவர் மறந்த நாள் இல்லை.

இப்போது ஒரு சிக்கல். அறுபத்தொன்று நிரம்பியவர்களுக்குக் கணவாய்க்கு அனுமதி கிடையாது. அவருக்கு வருகிற கார்த்திகையில் நிரம்புகிறது. பயணம் ஆவணியில். இந்த ஆவணியை விட்டால் அவருக்கு வேறு ஆவணி இல்லை.

சித்திரையில் பயிற்சி தொடங்கியது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் ஏழு பேரைத் தெய்வானை பொறுக்கி எடுப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பார். ஆளுக்கு ஒன்பது கிலோ. பிறகு காராளி மலையில் ஏறி, உச்சியில் இருக்கும் வேல் நட்ட பாறையைத் தொட்டுவிட்டு இறங்கவேண்டும். போகவர பதினோரு கிலோமீட்டர்.

இறங்கிய பிறகு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கொட்டகையில் வட்டமாக உட்காருவார்கள். தெய்வானை ஒவ்வொருவர் முன்னாலும் வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒரே கேள்வி கேட்பார்.

"உங்களுக்கு என்ன செய்யுதுங்க?"

அவரவர் உடம்பில் உள்ளதைச் சொல்லவேண்டும். மலைமேலும் தினமும் சாயங்காலம் இது நடக்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

பத்துப் பேரும் ஏதாவது சொல்வார்கள். குழந்தைவேலு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லீங்க அம்மணி" என்பார். குருவை அம்மணி என்று கூப்பிடலாமா என்று அவருக்கும் சந்தேகம் இருந்தது. கொங்கு நாட்டில் இருபத்துநாலு வயது இளைய பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? தெய்வானையும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் பங்குக்குச் சீடரை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டார்.

கூட்டத்திலேயே மோசமான ஆள் என்று குழந்தைவேலு தீர்மானித்திருந்தது கமலவேணி அம்மாளை. நாற்பத்தெட்டு வயது. பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருந்தார். நல்ல கனத்த உடம்பு. முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிடுவார். "ஐயோ என்ர கணுக்காலு." அடுத்த வளைவில், "மூச்சு வாங்குதுங்க, நில்லுங்க." சாயங்காலம் கேள்வி கேட்டால் தலையில் ஆரம்பித்துக் கால் பெருவிரலில் முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

'இந்தம்மா நீல்தாங் போனாப்பலதான்' என்று குழந்தைவேலு மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு. மூட்டையைத் தோளில் ஏற்றியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கனம் கூடியிருக்கிறது. முதுகுத்தண்டில் ஏதோ இடித்தது. எடை பார்த்த பிறகு யாரோ உள்ளே கல்லை வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, குருவேதான்.

'ஓகோ, சோதனையா?' என்று நினைத்தார். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சோதனை வைத்தால் தேறுகிற ஆள் அவர்.

ஐம்பது அடி போவதற்குள் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. "ஏனுங்க, யாரோ என்ர மூட்டையில கல்லு வெச்சிருக்கறாங்க. நான் நகர மாட்டேனுங்க." கமலவேணி அம்மாள் ரோட்டிலேயே மூட்டையை இறக்கிவிட்டார். அரைமணி நேரத்துக்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிக் கல்லை எடுத்துப் போட்டார்கள்.

குழந்தைவேலு சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிக்குப் போனார். வேல் நட்ட பாறையைத் தொட்டார். இறங்கினார். கொட்டகையில் மூட்டையைப் பிரித்து, மூன்று கிலோ ஆற்றுக்கல்லை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார். தோளில் வார் அறுத்த இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

தெய்வானை கல்லைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"மாட்டுன ஒடனே தெரிஞ்சுதுங்க."

"என்ன செய்யுதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

தெய்வானை தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். பாராட்டு வரும் என்று உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. பரவாயில்லை, குருமார்கள் நேருக்கு நேராகப் பாராட்டமாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

எட்டாவது ஞாயிறு அன்று கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏழு வரிகள். நான்கில் பெயர் எழுதியிருந்தது. மூன்று காலி.

முதல் பெயர் கமலவேணி.

குழந்தைவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அவர் பெயர் இல்லை. காது மடல் சூடாகிவிட்டது. நேரே உள்ளே போனார். தெய்வானை ஸ்டவ்வில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க வாத்தியாரே."

"இந்தப் பதினோரு பேர்ல முன்னால ஏறி முன்னால எறங்கறது யாருங்க?"

"நீங்கதானுங்க."

"கல்லைச் சொமந்துட்டு உச்சிக்குப் போனது?"

"நீங்கதானுங்க."

"அப்பறம் ஏனுங்க என்ர பேரு இல்ல? அரைப் படிக்கு ஒருக்கா ஐயோங்கற அந்தம்மா பேரு மொதல்ல இருக்குது!"

தெய்வானை ஸ்டவ்வை அணைத்தார்.

"அந்தம்மாவுக்கு என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்கு என்ன செய்யுதுன்னு தெரியாது. தெரியாத ஆளை எப்படிங்க கூட்டிட்டுப் போறது?"

"எனக்கு ஒண்ணும் செய்யறதில்லீங்களே!"

தெய்வானை இரண்டு தட்டில் உப்புமா வைத்தார். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு இருபத்தஞ்சு வயசுங்க அப்ப. மூணாவது தடவை நீல்தாங் போறேன். எங்களைக் கூட்டிட்டுப் போனவரு தோண்டுப்னு அந்த மலைப்பக்கத்துக்காரரு. அவருதானுங்க எனக்கு மலை கத்துக்குடுத்தவரு. சாயங்காலமானா கூடாரம் கூடாரமா வந்து, என்ன செய்யுதுன்னு கேப்பாரு."

"சரிங்க."

"நாலாம் நாளு எனக்குத் தலைவலி. சாதாரணத் தலைவலி இல்லீங்க, கண்ணைத் தொறக்க முடியல. பதினஞ்சாயிரம் அடியில அப்படி வந்தா ஒடனே கீழ எறங்கோணும். எனக்கும் அது தெரியும். ஆனா அந்தக் கூட்டத்துல நான் ஒருத்திதான் பொம்பள. பாத்தியா, பொம்பளையைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்னு சொல்லிருவாங்கன்னு நெனைச்சேன். தோண்டுப் வந்து கேட்டாரு. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்."

குழந்தைவேலு உப்புமாவைத் தொடவில்லை.

"காத்தால நடக்கறேன், காலு பின்னுது. பேசறேன், பேச்சு கொழறுது. தோண்டுப் என்னை முதுகுல தூக்கிட்டு ஆறு மணி நேரம் எறங்குனாருங்க. நடுவுல ஐஸ் ஓடை ஒண்ணு. என்னை நனைய விடாம அவரு எறங்கி நடந்தாரு. நின்னு ஷூவைக் கழட்டிக் காய வெக்கறதுக்கு நேரமில்ல, எனக்கு மூச்சு போயிட்டிருந்துச்சு. நான் பொழைச்சுட்டேன். அவருக்கு வலது காலுல ரெண்டு வெரலை எடுத்துட்டாங்க."

"அப்பறம்?"

"ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேனுங்க. திட்டுவாருன்னு நெனைச்சேன். கட்டுப் போட்ட காலைத் தலகாணி மேல வெச்சுட்டுப் படுத்திருந்தாரு. என்னைப் பாத்ததும், இப்ப உனக்கு என்ன செய்யுதுன்னு கேட்டாரு. அன்னைக்குத்தானுங்க நான் மொதமொதலா நெசத்தைச் சொன்னேன். அழுகையா வருதுன்னு சொன்னேன். பசிக்குதுன்னும் சொன்னேன்."

வெளியே யாரோ டீ டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"புரிஞ்சுதுங்க அம்மணி" என்றார் குழந்தைவேலு.

"உப்புமா ஆறுதுங்க, சாப்பிடுங்க" என்றார் தெய்வானை.

புரிந்தது என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் வாத்தியாராயிற்றே! எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதினால் மார்க் விழும் என்றுதான் அவருக்குப் புரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு குரு எதிரில் வந்து உட்கார்ந்ததும் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"இடது குதிகால்ல லேசா வலிங்க. வலது தோள்பட்டையில பிடிப்புங்க. ரெண்டாவது வளைவுல மூச்சு கொஞ்சம் வாங்குச்சுங்க. காலையில ஏப்பம் வந்துச்சுங்க."

கமலவேணி அம்மாள் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார். தன் தொழிலில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது போல இருந்தது அவருக்கு.

தெய்வானை அவர் இடது குதிகாலை விரலால் அழுத்தினார். குழந்தைவேலு சும்மா இருந்தார். பிறகு ஞாபகம் வந்து, "ஆ" என்றார்.

"வாத்தியாரே" என்றார் தெய்வானை. "போன வாரம் வரைக்கும் ஒரு பொய்யி சொன்னீங்க. இந்த வாரம் நாலு சொல்றீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலுவும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அன்று பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. யாரையும் பிடிக்கவில்லை, மலையையும் பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா என்று யோசித்தார். மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் விடியற்காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

தாளில் ஐந்தாவது பெயர் ஏறியது. பிறகு ஆறாவது. ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

ஆனி மாசம் கடைசி ஞாயிறு. கடைசிப் பயிற்சி. அன்று மலையை ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்கவேண்டும். மூட்டை பன்னிரண்டு கிலோ. ஒரு விதியும் உண்டு. யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால், எத்தனை பேர் மீதி இருந்தாலும் எல்லோரும் அங்கேயே திரும்பவேண்டும். பனிமலையில் ஆளைப் பாதியில் உட்காரவைத்துவிட்டுப் போக முடியாது. அதனால் இங்கேயும் அப்படித்தான்.

சாயங்காலம் ஏழாவது பெயரை எழுதுவதாகத் தெய்வானை சொல்லியிருந்தார்.

முதல் ஏற்றம் குழந்தைவேலுவுக்கு வெண்ணெய் மாதிரி போனது. இரண்டாவது ஏற்றத்தில், முக்கால் மலையில், கல்படிகள் தொடங்கும் இடத்தில் வலது முழங்காலுக்குள் ஏதோ சுருக்கென்றது.

அவர் நிற்கவில்லை. அடுத்த படி. மறுபடி சுருக்கென்றது, இந்த முறை தொடை வரைக்கும். அதற்கடுத்த படியில் கால் தன்னால் மடங்கப் பார்த்தது. கைத்தடியை ஊன்றிச் சமாளித்தார்.

யாரும் பார்க்கவில்லை. முன்னால் தெய்வானை. பின்னால் கமலவேணி அம்மாள், மூச்சு வாங்கியபடி.

"வாத்தியாரே, நல்லாப் போறீங்க" என்றார் கமலவேணி. "உங்க காலைப் பாத்துட்டேதானுங்க நான் ஏறிட்டிருக்கறேன். நீங்க நின்னா எனக்கும் தெம்பு போயிரும்."

இன்னும் நூற்றிருபது படி. பல்லைக் கடித்தால் ஏறிவிடலாம். முப்பத்தைந்து வருஷமாகப் பல்லைக் கடித்த தாடை அது. ஏறிவிட்டால் சாயங்காலம் பெயர் விழும். சொன்னால் எல்லோரும் திரும்பவேண்டும். கடைசிப் பயிற்சியை முடிக்காத ஆளாக, மற்ற பத்துப் பேரையும் முடிக்கவிடாத ஆளாக அவர் நிற்பார். ஆவணி போய்விடும். அப்புறம் கார்த்திகை.

இன்னொரு படி வைத்தார். வலியில் கண்ணில் பூச்சி பறந்தது.

நின்றார்.

வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. வலிக்கிறது என்று கடைசியாக எப்போது ஒருவரிடம் சொன்னோம் என்று யோசித்தார். ஞாபகம் இல்லை. எட்டு வயசில் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்.

"அம்மணி."

தெய்வானை திரும்பினார்.

"முழங்கால்ல வலிக்குதுங்க."

"எவ்வளவுங்க?"

"அடுத்த படி வெச்சா விழுந்துருவேனுங்க." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததை அவர் சொல்ல நினைக்கவில்லை, அதுவாக வந்தது. "பயமா இருக்குதுங்க. என்னை விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு பயமா இருக்குதுங்க."

சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. கூடவே, உடம்பு லேசாகவும் இருந்தது. அது ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

தெய்வானை இறங்கி வந்து அவர் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். வீக்கம் தொடங்கியிருந்தது. துண்டை நனைத்து இறுக்கிக் கட்டினார்.

"எறங்கலாமுங்க எல்லாரும்" என்றார்.

குழந்தைவேலுவின் மூட்டையைப் பிரித்து நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரிய பங்கைக் கேட்டு வாங்கியது கமலவேணி அம்மாள். வாங்கிக்கொண்டு அடிவாரம் வரைக்கும், "ஐயோ கனம், ஐயோ என்ர தோளு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பொருளைக்கூட வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டே, இரண்டு பேர் தோளில் கை போட்டு நொண்டி இறங்கினார் குழந்தைவேலு. அன்றைக்கு அது காதுக்குக் கஷ்டமாக இல்லை.

கொட்டகைக்கு வந்ததும் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். அடிவாரத்து ஊரில் இருந்த டாக்டர் டிவிஎஸ்ஸில் வந்து பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைநார் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார். மூன்று வாரம் படி ஏறக்கூடாது. கட்டும் மாத்திரையும் போதும். ஒரு மாசத்தில் நடந்துவிடுவார்.

பயணத்துக்கு ஆறு வாரம் இருந்தது.

டாக்டர் போன பிறகு தெய்வானை பேனாவை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். குழந்தைவேலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதும் சத்தம் கேட்டது. யார் பெயராக இருக்கும் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கமலவேணி அம்மாள்தான் கதவுக்கருகில் போய் உரக்கப் படித்தார்.

"ஏழு, குழந்தைவேலு. கடைசி ஆளு."

அவர் கட்டிலில் இருந்து எழப் பார்த்தார். முழங்கால் விடவில்லை.

"அம்மணி, நான் மலையை முடிக்கலீங்களே."

"ஆமாங்க."

"எல்லாரையும் எறங்க வெச்சுட்டேனே."

"ஆமாங்க. பதினோரு பேரும் பத்திரமா வந்து சேந்துட்டாங்க."

குழந்தைவேலுவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த 'கடைசி ஆள்' உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு என்றால் முதல் ஆளாகத்தான் அவர் நிற்பார்.

"கடைசின்னு ஏனுங்க போட்டீங்க? நான் மெதுவாப் போயிருவேன்னுங்களா?"

"மெதுவாப் போறவங்க நடுவுல போவாங்க. மொதல்ல நான் போவேனுங்க, வழி பாக்கறதுக்கு. கடைசியா ஒருத்தரு வரோணும். முன்னால போற எல்லாத்தோட நடையும் அவரு கண்ணுல படும். சாயங்காலம் கூடாரம் கூடாரமாப் போயி என்ன செய்யுதுன்னு கேக்கறதும் அவருதான். அவரு திரும்பலாம்னு சொல்லிட்டா, கணவாய் பத்தடி தூரத்துல இருந்தாலும் நானும் திரும்பிருவேன்."

"நீங்களுமுங்களா?"

"நானுந்தானுங்க. போன வருஷம் வரைக்கும் பனிமலைப் பக்கத்து ஊர்க்காரரு ஒருத்தரு கடைசி ஆளா வந்தாரு. இந்த வருஷம் அவரால வர முடியல. சித்திரையில இருந்து அந்த எடத்துக்குத்தானுங்க ஆளைத் தேடிட்டிருந்தேன்."

கொட்டகையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். குழந்தைவேலு தன் முழங்காலில் இருந்த கட்டைப் பார்த்தார். மைதானத்தில் எத்தனையோ ஆயிரம் பையன்கள் அவர் முன்னால் நின்றிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் நொண்டிக்கொண்டே எழுந்து ஓடினார்களோ என்று முதன்முறையாக அவருக்குத் தோன்றியது. முகங்கள் ஞாபகம் வந்தன. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மணி, எனக்குப் பனிமலையைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"மலையை நான் பாத்துக்கறேனுங்க. நீங்க ஆளுகளைப் பாருங்க."

"நான் போயிக் கேப்பேன். அவங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா? அது நெசமா பொய்யான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

தெய்வானை பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அறுபது வருஷமா அதைச் சொன்னவருங்க நீங்க. உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்?"